இருபத்திரண்டு நிமிட ஊர்

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, லாட்ஜ் அறையின் ஒரே நாற்காலியில் அமர்ந்தபடி, நம் இருவரின் மீதி வாழ்நாளையும் தீர்மானிக்கும் முடிவை எடுத்துவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தலைநகரை மாற்றிய அரசர்கள் ஆற்றுநீரையும் எதிரிப் படையையும் யோசித்தார்கள் என்று படித்திருக்கிறேன். நான் யோசித்தவை இரண்டே. வீட்டிலிருந்து வேலைக்குப் போக எத்தனை நிமிடம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் எத்தனை சாப்பாட்டுக் கடைகள். எதிரிப் படை தினமும் வருவதில்லை. பசியும் கம்பெனியின் எட்டு மணிச் சங்கும் தினமும் வருகின்றன.

குடைக் கம்பெனி மூன்று ஊர்களில் கிளை திறக்கிறது, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார்கள். மூன்றையும் பார்த்தேன். முதல் ஊரில் இரண்டு பஸ் மாறி ஐம்பத்தைந்து நிமிடம். சாப்பாடு பிரமாதம், ஆனால் வாயில் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். இரண்டாம் ஊரில் நாற்பத்தெட்டு நிமிடம். அங்கே சூப் வந்து ஆறிய பிறகுதான் ஸ்பூன் வருகிறது. அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருப்பது மூன்றாம் ஊர். இங்கே இருபத்திரண்டே நிமிடம். ஐந்து நாள் ஸ்டாப்வாட்சில் அளந்தேன். ஐந்து நாளும் இருபத்திரண்டு நிமிடம், பூஜ்யம் விநாடி. பதினெட்டு வருஷமாகத் தொழிலாளிகள் ஒரு குடைக் கம்பியை மாட்ட எத்தனை விநாடி எடுக்கிறார்கள் என்று அளந்து பிழைக்கிறவன் நான். ஒரே எண் ஐந்து தடவை வந்து இதுவரை பார்த்ததில்லை.

வீட்டு வாசலிலேயே பஸ் ஏறலாம். குளம், நூலகம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், சந்தை, பிறகு கம்பெனி. நடக்கும் தூரத்தில் முப்பத்தொரு கடைகள். அதில் ஒன்று வீட்டுக்கு நேர் கீழே. மாடியில் உனக்கு ஓர் அறை பார்த்துவிட்டேன். ஜன்னல் வடக்குப் பக்கம். பல் செட்டின் நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்பாயே.

நீ கோபமாக இருப்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், கடிதத்தில் இரண்டும் கேட்காது என்று நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இதை எழுதுகிறேன். ஜூலை கடைசியில் நீ இப்போது இருக்கும் வீட்டை இடிக்கிறார்கள். அதற்குள் வந்துவிடு.

உன் தம்பி

ஜூன் 9, திங்கள்

டேய் கடிகாரம்,

உன் அரசாணை கிடைத்தது.

பல் எல்லா ஊரிலும் விழும், பல் செட் செய்கிறவளுக்கு எந்த ஊராய் இருந்தால் என்ன என்று நீ கிளம்புகிற அன்று சொன்னாய். சரிதான். நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உன் அட்டவணையில் நிமிடத்துக்கு ஒரு கட்டம், சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் போட்டாயே, தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடு என்றேன். “அதை எப்படிக்கா அளக்கறது?” என்றாய். அதற்குத்தான் தோசைக்கல்லை எடுத்தேன். எறியவில்லை. எறிந்ததாக நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி.

வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் உள்ளே இருக்கும்போதே சமையலறையை அளக்கிறார். அளக்கிறவர்கள் நடுவில் வாழ எனக்கு எழுதியிருக்கிறது. கையில் பதினொரு பல் செட் பாக்கி. முடித்துவிட்டு யோசிக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, கவனி.

முப்பத்தொரு கடை சரி. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?

அக்கா

ஜூன் 21, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நற்செய்தி. பதினேழு நிமிடம்.

விவரம் இது. வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸில் கண்டக்டர் அம்மாள் ஒரு படிவம் கொடுக்கிறார். அதில் ஒரே கேள்வி: “இன்றைய பயணத்தில் உங்களுக்குத் தேவையற்றது எது?” மற்றவர்கள் அதை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். வெற்றாக விட்ட படிவத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். குளத்தைச் சுற்றிப் போவதால் ஐந்து நிமிடம் வீண் என்று எழுதினேன். கண்டக்டர் அதைப் படித்துவிட்டு, “நீங்கதான் சார் மொதல்ல எழுதியிருக்கீங்க” என்றார். குரலில் மரியாதை இருந்தது என்றே நினைக்கிறேன்.

நேற்று பஸ் குளத்தைச் சுற்றவில்லை. புதிய சாலை போட்டார்களா என்று டிரைவரைக் கேட்டேன். “எந்தக் குளம் சார்?” என்றார். நகைச்சுவை உணர்வுள்ள ஊர்.

யாரோடு சாப்பிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். கீழ்க்கடையில் எனக்கு எதிரே ஒரு மாட்டு டாக்டர் உட்காருகிறார். முதல் நாளே, “தனியாவா வந்திருக்கீங்க? அக்கா எப்ப வர்றாங்க?” என்று விசாரித்தார். அக்கா உண்டு என்று நான் சொன்னதாக நினைவில்லை, சொல்லியிருப்பேன். சூப்பை உறிஞ்சுகிற சத்தத்துக்கு மேலாக, அவர் பார்த்த மாடுகள் ஒவ்வொன்றின் வரலாறும் சொல்லுவார். அவரால் என் சாப்பாடு ஒன்பது நிமிடம் நீளுகிறது. கடையிலும் பில்லோடு அதே படிவம் தருகிறார்கள்.

பதினொன்றில் எத்தனை பல் செட் முடிந்தது?

உன் தம்பி

ஜூன் 26, வியாழன்

தம்பிக்கு,

நான்கு முடிந்தது. ஐந்தாவது செட்டுக்குச் சொந்தக்காரர், பல் தயாராவதற்குள் ஊரை விட்டே போய்விட்டார். அதை மேஜையில் வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கும்போது அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

குளத்து நீர் எங்கே போயிற்று?

என் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டால், இரண்டு பக்கத்துப் பல்லும் அந்த இடத்தை நோக்கிச் சாயும். சில வருஷத்தில் இடைவெளியே தெரியாது. பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு பல் இருந்தது என்றே தோன்றாது. அந்த வாயால் மெல்லத்தான் முடியாது. பல்லுக்கே அதற்குச் சில வருஷம் ஆகும். உன் ஊருக்கு ஒரு வாரம் போதுமாக இருக்கிறது.

மாட்டு டாக்டரைப் பற்றிப் படிவத்தில் ஏதாவது எழுதினாயா? எழுதியிருக்கமாட்டாய் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக உன்னைத் தெரியும் என்பதுதான் இடிக்கிறது. இனி எதையும் எழுதாதே. மற்றவர்கள் மாதிரி மடித்துப் பையில் வை. ஊரோடு ஒத்து வாழ் என்பதை இந்த ஒரு விஷயத்திலாவது கேள்.

அக்கா

ஜூலை 5, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் இப்போது ஒன்பது நிமிடம்.

எழுதினேன். “பேச்சு, ஒன்பது நிமிடம்” என்று மட்டும்தான் எழுதினேன், பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. அடுத்த வாரம் அவர் நாற்காலி இல்லை. பரிமாறுகிறவரைக் கேட்டேன். இந்த மேஜைக்கு எப்போதும் ஒரு நாற்காலிதான் என்றார். மேஜையும் அப்படித்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே ஆம்லெட் வந்துவிட்டது. பதினொரு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தேன். தொழில்முறையில் இது ஒரு சாதனை. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் படிவத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

முழுக் கணக்கையும் உன்னிடம் ஒப்பித்துவிடுகிறேன். நூலகம் நான் எழுதியது. அதன் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டே மெதுவாக ஏறுவார்கள். ஆஸ்பத்திரியும் நான்தான். படிவம் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை, கையில் எக்ஸ்ரே உறையோடு ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் சார். எனக்கு வேணும்.”

படிவம் எல்லோருக்கும் பொதுதான், நீங்களும் எழுதலாம் என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் பேனா கேட்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த வாரம் அவர் ஏறவில்லை. அவர் ஏறும் நிறுத்தமும் வரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் குளம் இருந்த இடத்தை நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். நம் வீட்டுப் பக்கத்துத் தையல்கடை வரைக்கும் எல்லாம் வழக்கம்போல இருந்தது. தையல்கடைக்கு அடுத்த சுவர் ரயில் நிலையத்தின் சுவர். நடுவில் சந்து கிடையாது, விரிசல் கிடையாது, இரண்டுக்கும் ஒரே சுண்ணாம்பு. சுண்ணாம்பு பழையது. கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. மேலே ஒரு கோடு வரைக்கும் ஈரம், குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் நிற்கிற உயரத்துக்கு.

நீ வந்தால் நன்றாக இருக்கும். இதை நிமிடக் கணக்குக்காகச் சொல்லவில்லை.

உன் தம்பி

ஜூலை 10, வியாழன்

தம்பிக்கு,

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஓர் ஊரைத் தேய்த்து வைத்திருக்கிறாய். அதை ஒப்பிக்கும்போதுகூட “தொழில்முறையில் சாதனை” என்று எழுதுகிறாய். இரு, திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஏற்பாட்டை மீறி உனக்குப் போன் செய்தேன். கம்பெனி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். “சார் வீட்டுல இருக்காரும்மா” என்றாள். வைத்துவிட்டு வீட்டு எண்ணைப் போட்டேன். அதே பெண். “சார் கம்பெனில இருக்காரும்மா.” இரண்டு தடவையும் பின்னால் உங்கள் கம்பெனித் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். நீ எங்கேதான் இருக்கிறாய் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “இங்கதாம்மா” என்றாள். கூப்பிடு என்றேன். மெஷின் சத்தம் நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. வைத்துவிட்டாள்.

சொந்தக்காரர் இல்லாத அந்த ஒன்றைத் தவிர எல்லாச் செட்டையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தங்குவதற்கு வரவில்லை. உன்னை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறுவதற்கு வருகிறேன். உன் இரண்டாம் ஊருக்கே போவோம். சூப்பை ஆறவிட்டுக் குடிப்போம், நாற்பத்தெட்டு நிமிடம் பஸ்ஸில் நசுங்குவோம், யாராவது நம் காலை மிதித்தால் சண்டை போடுவோம். சண்டை போட்டால் நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம்.

அதுவரை படிவத்தைத் தொடாதே. வெற்றாக விட முடியவில்லை என்றால் “எல்லாம் தேவை” என்று எழுது. அதை மட்டும் எழுது.

அக்கா

ஜூலை 14, திங்கள்

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படிவத்தை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன்.

ரயில் நிலையம் என்று எழுதியிருக்கிறேன்.

காரணமும் எழுதியிருக்கிறேன், அதற்கும் ஒரு கோடு இருந்தது. “பஸ் இங்கே இரண்டு நிமிடம் நிற்கிறது. ஏற ஆளில்லை. வந்து இறங்கவும் ஆளில்லை.” அது நான் அளந்தது, உண்மைதான். எழுதியபோது உன்னை நினைக்கவில்லை, அக்கா. நீ வருகிறேன் என்று அதுவரை சொல்லவில்லை என்று காரணம் சொல்லலாம். அந்தக் காரணமும் எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு ரயில் நிலையம் வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “திருத்தத்துக்கும் இதே படிவம்தான் சார்” என்றார். அதில் அதே ஒரே கேள்வி. தேவையானதை எழுத இடமில்லை. “எல்லாம் தேவை” என்று எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, இது கேள்விக்குப் பதில் இல்லையே சார் என்று திருப்பித் தந்துவிட்டார்.

பஸ் இப்போதே ஸ்டேஷன் பக்கம் போவதில்லை. நடந்து போகவும் பார்த்தேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் கம்பெனி வாசலில் வந்து நிற்கிறேன், அல்லது நம் வீட்டு வாசலில். மொட்டை மாடியில் ஏறினால் ஸ்டேஷனின் தகரக் கூரை தெரிகிறது. காலை 6.12க்கு ரயில் வந்து நிற்கிற சத்தமும் கேட்கிறது. ரயில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஒருவேளை வழி இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எழுதுவது அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுகிறது. இதுவரை ஒரு தடவையும் தவறவில்லை. சனிக்கிழமை வராதே, அது பிந்திவிடும். இந்தக் கடிதம் உனக்கு வியாழன் கிடைக்கும். அன்று மாலை ரயிலைப் பிடித்தால் வெள்ளி காலை 6.12. படிவங்கள் போய்ச் சேருகிற பஸ் அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். கணக்குச் சரியாக வருகிறது. நான் ஐந்து மணியிலிருந்து மாடியில் ஒரு சிவப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரயிலின் இடது பக்கம் பார்.

படுக்கையறைச் சுவர் கம்பெனியின் தையல் மெஷின்களால் அதிர்கிறது. மேஜையில் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்கிறது. பஸ் பயணம் எத்தனை நிமிடம் என்று இன்று அளக்கவில்லை. ஏறினேன், இறங்கினேன். உட்கார்ந்ததாக நினைவில்லை.

தம்பி

ஜூலை 18, வெள்ளி

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று பதினொரு மணிக்கு வந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பையோடு மாலை ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் கவுண்டரில் உன் ஊர் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரில் தட்டினார், மறுபடி தட்டினார், எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு டிக்கெட்டை நீட்டினார். வண்டி கிளம்பப் போகிறது என்ற அவசரத்தில் பார்க்காமல் பையில் போட்டேன்.

ஐந்தரை மணிக்கே எழுந்து கதவருகில் இடது பக்கமாக நின்றுகொண்டேன். முந்தைய ஸ்டேஷனில் வண்டி 5.40க்கு நின்றது. அங்கே ஏறிய டீக்காரர், நான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, உட்காருங்கம்மா, நேரம் இருக்கு என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று ஊர் பெயரைச் சொன்னேன். இருபது வருஷமாக இந்த வண்டியில் டீ விற்கிறாராம். சிரித்தார்.

“போகாத ஊருக்கு வழி கேக்கறீங்களேம்மா.”

டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டாம் ஊரின் பெயர்தான் அச்சாகியிருந்தது. உன் கடிதங்களின் உறையைக் காட்டினேன். அனுப்புநர் முகவரியை மெதுவாகப் படித்தார். தன் புத்தகத்தை எடுத்து, விரலால் ஸ்டேஷன்களின் பட்டியலை வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். முந்தைய ஸ்டேஷனுக்கு அடுத்த வரி இரண்டாம் ஊர். “விடுபட்டிருக்குமோ?” என்றேன். வரிக்கு வரி எண் போட்டிருக்கிறது என்று காட்டினார். ஏழு, எட்டு.

நான் கண்ணை எடுக்காமல் இடது பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். நன்றாக விடிந்திருந்தது. வயல்கள், ஒரு செங்கல் சூளை, மறுபடி வயல்கள். ஓர் இடத்தில் ஒரு வயலில் நெல் முற்றியிருந்தது, அதை ஒட்டியிருந்த வயலில் நாற்று. நடுவில் வரப்பு இல்லை. முற்றிய கதிரும் நாற்றும் ஒரே வரிசையில் நின்றன. அந்த இடத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது. தண்டவாளத்தின் சத்தமும் அப்படித்தான் இருக்கும். குடை எதுவும் தெரியவில்லை.

அதற்குள் வண்டி வேகம் குறைந்து இரண்டாம் ஊருக்குள் வந்துவிட்டது. நான் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபால் அலுவலகம் ஸ்டேஷனுக்கு எதிரேயே இருக்கிறது. அது திறந்ததும் போய், கவுண்டரில் உன் முகவரியைக் காட்டினேன். இந்தப் பின்கோடு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்றார்கள். ஸ்டாம்ப் கொடுங்கள், பெட்டியிலாவது போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இங்கே ஒரு வீடு பார்க்கப் போகிறேன், இரண்டு அறையாக. உனக்கு எது வசதி என்று தெரியாததால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பார்க்கிறேன்.

ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இந்த ரயில் இங்கே 6.31க்கு வர வேண்டும். இன்று 6.20க்கு வந்தது.

அக்கா